வெலிங்டனில் படித்தவர்: பிஜி ராணுவம் பற்றி ஒரு நீண்ட குறிப்பு

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயில், குன்னூரில் இஞ்சின் மாற்றிக்கொண்டு கிளம்பினால் அடுத்து வருகிற ஸ்டேஷன் வெலிங்டன். போன முறை போனபோது எதிர் சீட்டில் ஒரு பெரியவர். மெட்ராஸ் ரெஜிமென்டில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜன்னல் வழியே கையை நீட்டி, "அந்தப் பக்கம்தான் தம்பி ஸ்டாஃப் காலேஜ். நம்ம ஆபீசருங்க மட்டும் இல்ல, வெளிநாட்டு ஆபீசருங்களும் வந்து படிக்கிறாங்க. ஆப்பிரிக்கா, தீவு நாடு, எல்லாத்துலேர்ந்தும்" என்றார்.

'தீவு நாடு' என்ற சொல் மனதில் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்து, அங்கே யாரெல்லாம் படித்திருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். பட்டியலில் ஒரு பெயரில் நின்றுவிட்டேன். சிதிவேனி ரபுகா. பிஜி ராணுவ அதிகாரி. 1979ல் நம்ம வெலிங்டனில் ஸ்டாஃப் கோர்ஸ் படித்தவர். எட்டு வருடம் கழித்து, 1987 மே 14ஆம் தேதி, தன் நாட்டு நாடாளுமன்றத்துக்குள் முகமூடி போட்ட சிப்பாய்களை அனுப்பி, மக்கள் தேர்ந்தெடுத்த அரசைக் கவிழ்த்தவர்.

(எழுத்தில் Rabuka-வின் நடு எழுத்தை பிஜிக்காரர்கள் 'ம்ப' என்று உச்சரிப்பார்கள்; ரம்புகா என்பதே சரி. பத்திரிகைகளில் ரபுகா என்றே வருவதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.)

அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு சில வாரங்கள் பிஜி ராணுவத்தின் வரலாற்றைப் படித்தேன். அந்த நாடு நமக்கு அவ்வளவு அந்நியம் இல்லை. பாரதியார் 'பிஜித் தீவிலே ஹிந்து ஸ்திரீகள்' என்று எழுதியது அந்தக் கரும்புத் தோட்டங்களைப் பற்றித்தான். கரும்பு வெட்டப் போனவர்களின் வாரிசுகளுக்கு என்ன ஆனது என்று கேட்டுக்கொண்டே போனால், எப்படியும் இந்த ராணுவத்தில் வந்து முட்டுவோம்.

என்னை உறுத்திய கேள்வி இதுதான். பிஜிக்கு 330க்கு மேல் தீவுகள், மக்கள்தொகை ஒன்பது லட்சம் அளவு. சுற்றிலும் பசிபிக் பெருங்கடல். எல்லைத் தகராறு இல்லை, பக்கத்தில் எதிரியும் இல்லை. இப்படி ஒரு நாட்டுக்கு ராணுவம் எதற்கு? வைத்துக்கொண்டால் அது என்ன வேலை செய்யும்?

தலைவர்களின் படை

கொஞ்சம் பின்னால் போகலாம். 1870களின் தொடக்கத்தில் தாகோம்பாவு என்ற தலைவர், தன்னை பிஜியின் மன்னராக அறிவித்துக்கொண்டு ஒரு சிறு படையை வைத்திருந்தார். 1874 அக்டோபர் 10 அன்று தீவுகள் பிரிட்டிஷ் முடியாட்சியிடம் ஒப்படைக்கப்பட்டன. அந்தப் படையைக் காலனி அரசு கலைக்கவில்லை. உள்ளூர் ஆயுதக் காவல் படையாக மாற்றித் தன் கையில் எடுத்துக்கொண்டது. 1876ல் வீதி லேவு தீவின் மலைவாழ் மக்கள் எதிர்த்து நின்றபோது, கவர்னர் கார்டன் வெள்ளைக்காரப் பட்டாளத்தைக் கூப்பிடவில்லை. கடற்கரைத் தலைவர்களின் ஆட்களை வைத்தே அடக்கினார். ஆக, இந்தப் படையின் முதல் சண்டையே சொந்த நாட்டு மக்களோடுதான்.

அதே கார்டன்தான் இன்னொரு முடிவையும் எடுத்தார். பிஜிக்காரர்களைத் தோட்ட வேலைக்கு இழுத்தால் அவர்கள் கிராமமும் நிலமும் சிதையும், அதனால் வெளியிலிருந்து ஆள் கொண்டுவரலாம் என்பது அது. 1879 மே 14 அன்று 'லியோனிடாஸ்' என்ற கப்பல் இந்தியக் கூலிகளோடு வந்து சேர்ந்தது. 1916 வரை அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். ஐந்து வருட ஒப்பந்தம். 'அக்ரிமென்ட்' என்ற சொல் வாயில் உருண்டு 'கிர்மித்' ஆனது. 1903க்குப் பிறகு சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் போயின. தமிழர்கள், தெலுங்கர்கள், மலையாளிகள் போய்ச் சேர்ந்தது அப்படித்தான். 1926ல் அவர்கள் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றும் பள்ளிகளையும் கோயில்களையும் நடத்துகிறது.

இந்த ஏற்பாட்டில் நிலம் பிஜிக்காரர்களிடமே தங்கியது. இன்றும் எண்பது சதவீதத்துக்கு மேலான நிலம் அவர்களின் குலங்களுக்குப் பொதுவான சொத்து. இந்தியர்கள் குத்தகைக்கு எடுத்துக் கரும்பு போட்டார்கள். கரும்பை வாங்கியதும் விலை வைத்ததும் ஆஸ்திரேலியக் கம்பெனி. துப்பாக்கி பிஜிக்காரர்கள் கையில். யார் உழைப்பது, யார் காப்பது என்ற பிரிவினை அப்போதே போடப்பட்டுவிட்டது.

சம்பளம் கேட்டவர்களும் ரத்தம் கொடுத்தவர்களும்

முதல் உலகப் போர் வந்தபோது ரத்து லாலா சுகுணா என்ற தலைவர் ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்தார். ('ரத்து' என்பது பிஜியில் தலைவர் குலத்தவரின் பட்டம்.) பிரிட்டிஷ் ராணுவத்தில் சேரப் போனார். 'நேட்டிவ்' என்று மறுத்துவிட்டார்கள். மனுஷன் விடவில்லை. பிரெஞ்சு அந்நியப் படையில் சேர்ந்து சண்டையிட்டு, காயம்பட்டு, பிரான்சின் வீரப் பதக்கத்தோடு திரும்பினார். நாம் ரத்தம் சிந்தினால்தான் நம்மை மதிப்பார்கள் என்ற எண்ணம் அவருடையதாகச் சொல்லப்படுகிறது. அடுத்த போரில் அவரே ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தார்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் சாலமன் தீவுகள் வரை வந்துவிட்டது. பிஜிப் படை உச்சத்தில் இருந்த 1943 ஆகஸ்ட் கணக்கு இது: மொத்தம் 8,513 பேர். அதில் பிஜிக்காரர்கள் 6,371, ஐரோப்பியர்கள் 1,070, நியூசிலாந்துக்காரர்கள் 808, இந்தியர்கள் 264.

மூன்று வருடம் கழித்து எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியர்களின் எண்ணிக்கை பிஜிக்காரர்களைத் தாண்டியிருந்தது. அப்படியிருந்தும் படையில் 264 பேர்தானா? ஏன்?

ஒரு காரணம் சம்பளம். ஐரோப்பியச் சிப்பாய்க்கு ஒரு சம்பளம், மற்றவர்களுக்கு அதைவிடக் குறைவு. பிஜித் தலைவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். இந்தியர்கள் ஏற்கவில்லை. 'ஒரே துப்பாக்கி, ஒரே குண்டு, சம்பளம் மட்டும் ஏன் வேறு?' என்பது அவர்கள் கேள்வி. 1934லேயே அமைத்திருந்த இந்தியப் பிளாட்டூனைப் போர்க்காலத்தில் அரசு கலைத்தும் விட்டது. பற்றாக்குறைக்கு, 1943ல் கரும்பு விவசாயிகள் விலை கேட்டு வெட்ட மறுத்தார்கள். அந்தப் போராட்டத்தின் தலைவர்கள் ஏ.டி. படேல் என்ற குஜராத்தி வக்கீலும், தென்னிந்திய சங்கத்தின் அழைப்பில் ராமகிருஷ்ண மடத்திலிருந்து வந்திருந்த சுவாமி ருத்ரானந்தாவும்.

நான் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அந்தக் கோரிக்கைகளில் தப்பு தெரியவில்லை. இந்தியாவில் 'வெள்ளையனே வெளியேறு' நடந்துகொண்டிருந்த காலம் வேறு. ஆனால் அடுத்த பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1944 ஜூனில் போகன்வில் தீவில், காயம்பட்ட தன் ஆட்களை மீட்கப் போய் சுடப்பட்டு விழுந்தார் கார்ப்பரல் செஃபனாயா சுகனாய்வாலு. தன்னைக் காப்பாற்ற மற்றவர்கள் உயிரைப் பணயம் வைக்கக் கூடாது என்று, வேண்டுமென்றே எதிரியின் குண்டுக்கு முன்னால் எழுந்து நின்று இறந்தார். விக்டோரியா கிராஸ் கிடைத்தது. அவருடைய கிராமத்துக்காரருக்கு, 'சம்பளம் கேட்டார்கள்' என்ற வாக்கியம் எப்படிக் கேட்டிருக்கும்?

"நாடு ஆபத்தில் இருந்தபோது நாங்கள் ரத்தம் கொடுத்தோம், நீங்கள் பேரம் பேசினீர்கள்." இது அடுத்த ஐம்பது வருடம் பிஜி அரசியலில் திரும்பத் திரும்ப வந்தது. சம்பளத்தில் பாகுபாடு வைத்த காலனி அரசின் பெயர் மட்டும் அந்தப் பேச்சில் வரவே வராது.

போருக்குப் பிறகும் அதே தடம்தான். 1952 முதல் 1956 வரை ஒரு பிஜி பட்டாலியன் மலாயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு சண்டையிட்டது. அங்கே தளபதிகளாக இருந்த ரத்து எட்வர்ட் தாகோம்பாவுவும் ரத்து பெனாயா கனிலாவும் தலைவர் குலத்தவர்கள். பிறகு இருவருமே அரசியலில் பெரிய ஆட்கள் ஆனார்கள். கிராமத்தில் தலைவர், பட்டாளத்தில் கர்னல், தலைநகரில் மந்திரி. ஒரே ஆட்கள்தான் மூன்று இடத்திலும். 1970 அக்டோபர் 10 அன்று சுதந்திரம் வந்தபோது ராணுவம் என்பது பிஜிக் கிராமத்தின் நீட்சியாகவே இருந்தது.

நீலத் தொப்பி

சுதந்திர பிஜியில் படை மிகச் சிறியது. நிரந்தரச் சிப்பாய்கள் சில நூறு பேர், கூடவே ரிசர்வ் ஆட்கள். புயல் அடித்தால் பாலம் கட்டுவது, அணிவகுப்பில் வெள்ளைச் சுலுவோடு பாண்டு வாசிப்பது. அப்படியே இருந்திருந்தால் இந்தக் குறிப்புக்கே வேலை இருந்திருக்காது.

1978ல் எல்லாம் மாறியது. தெற்கு லெபனானில் ஐ.நா. அமைதிப்படை அமைத்தபோது பிஜி ஒரு பட்டாலியனை அனுப்பியது. (அமைதிப்படை என்றதும் நமக்கு வேறு நினைவுகள் வரும். இங்கே நான் சொல்வது நீலத் தொப்பி போட்ட ஐ.நா. படையை.) 1982ல் எகிப்தின் சினாய் பாலைவனத்துக்கு இன்னொரு பட்டாலியன் போனது. லெபனானில் 2002 வரை இருந்தார்கள். சினாயில் நாற்பது வருடத்துக்கு மேல்.

இந்த வேலையை அவர்கள் ஏனோதானோ என்று செய்யவில்லை. லெபனானில் முப்பதுக்கும் மேற்பட்ட பிஜிச் சிப்பாய்கள் இறந்திருக்கிறார்கள். 1996 ஏப்ரல் 18 அன்று கானா என்ற ஊரில் இருந்த பிஜி பட்டாலியன் முகாமில் சுமார் 800 பொதுமக்கள் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். இஸ்ரேலிய பீரங்கிக் குண்டுகள் அந்த முகாமின் மேலேயே விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட மக்கள் செத்தார்கள். 2014ல் கோலான் குன்றுகளில் 45 பிஜி வீரர்களை நுஸ்ரா முன்னணி பிடித்துக்கொண்டு போய், இரண்டு வாரம் கழித்து விட்டது. இப்படிப்பட்ட இடங்களுக்குப் பல பணக்கார நாடுகள் தங்கள் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும். பிஜி அனுப்பியது.

பணமும் ஒரு காரணம். அமைதிப்படைக்கு ஆள் அனுப்பும் அரசுக்கு ஐ.நா. தலைக்கு இவ்வளவு என்று தருகிறது. 2018ல் அது மாதம் 1,428 டாலர். நார்வேக்கு அது செலவில் ஒரு பகுதியைக்கூட ஈடுகட்டாது. பிஜிக்கு அப்படி இல்லை. கிராமத்தில் வேலை இல்லாத பையனுக்கு அது நல்ல சம்பளம். லெபனானில் ஒரு வருடம் இருந்து வந்தவன் காசில் வீட்டுக்குத் தகரக் கூரை ஏறியது, தம்பி தங்கை ஸ்கூல் ஃபீஸ் கட்டினார்கள். நம்மூரில் ஒருவர் துபாய் போய் வந்தால் வீட்டில் என்ன மாறுமோ, அதேதான்.

ஆனால் இதற்கு ஒரு பக்கவிளைவு இருந்தது. இரண்டு பட்டாலியன் எப்போதும் வெளிநாட்டில் இருக்க வேண்டுமானால், அவர்களை மாற்ற ஊரில் ஆட்கள் தயாராக இருக்க வேண்டும். படை பல மடங்கு பெருத்தது. எண்பதுகளின் நடுவில் நிரந்தரப் படை இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. அந்தப் பெருக்கத்துக்கும் பிஜியின் சொந்தப் பாதுகாப்புத் தேவைக்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொன்று, அவர்கள் கற்றுக்கொண்ட வேலை. தெருவில் செக்போஸ்ட் போடுவது, கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது, சண்டையிடும் இரண்டு கூட்டத்துக்கு நடுவில் நிற்பது, அரசு நிர்வாகம் இல்லாத இடத்தில் தாங்களே நிர்வாகமாக இருப்பது. அந்நியப் படையெடுப்பைத் தடுக்க இதெல்லாம் பெரிதாக உதவாது. ஒரு நகரத்தைக் கையில் எடுக்க நன்றாகவே உதவும். ரபுகா லெபனானிலும் சினாயிலும் பணியாற்றியவர். வெலிங்டன் போய் வந்ததும் அதே காலகட்டத்தில்.

அமைதிப்படைக்குப் போனதால்தான் ஆட்சியைக் கவிழ்த்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அமைதிப்படைக்கு ஆள் அனுப்பும் எத்தனையோ நாடுகளில் அப்படி நடக்கவில்லை. பிஜியில் அந்தப் பெரிய படை முழுக்க ஒரே சமூகத்திடம் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தியர்கள் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர்தான். இது எந்தச் சட்டத்திலும் எழுதி வைத்ததில்லை. ஆனால் 1943ல் 264 என்றிருந்த எண்ணிக்கை அதற்குப் பிறகு பெரிதாக வளரவே இல்லை.

மே 14

சுதந்திரத்துக்குப் பிறகு 17 வருடம் ரத்து மாராவின் அலையன்ஸ் கட்சிதான் ஆண்டது. 1987 ஏப்ரல் தேர்தலில் தொழிற்கட்சியும், படேல் தொடங்கிய தேசிய ஃபெடரேஷன் கட்சியும் கூட்டணி வைத்து, 52 இடத்தில் 28 பிடித்தன. பிரதமரானவர் டாக்டர் திமோதி பவத்ரா. அவர் பிஜிக்காரர்தான். ஆனால் அவருக்கு ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள், மந்திரிசபையில் பாதியும் இந்தியர்கள். 'இந்தியர்கள் ஆட்சி வந்துவிட்டது, நிலம் போய்விடும்' என்று ஊர்வலங்கள் கிளம்பின.

மே 14 காலை பத்து மணி. ராணுவத் தளபதி ரத்து எபேலி நைலதிகாவு ஆஸ்திரேலியாவில் இருந்தார். படையின் மூன்றாம் இடத்து அதிகாரியான லெப்டினன்ட் கர்னல் ரபுகா, சாதாரண உடையில் நாடாளுமன்றப் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தார். முகமூடி அணிந்த சிப்பாய்கள் உள்ளே நுழைந்தார்கள். பிரதமரையும் ஆளுங்கட்சி உறுப்பினர்களையும் ராணுவ லாரிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பவத்ராவின் ஆட்சி ஒரு மாதம்தான் நீடித்தது.

தேதியைக் கவனித்தீர்களா? லியோனிடாஸ் கப்பல் வந்ததும் ஒரு மே 14தான். சரியாக 108 வருடம். தற்செயலாகவே இருக்கலாம். ஆனால் பிஜி இந்தியர்கள் யாரும் அந்த ஒற்றுமையை மறப்பதில்லை.

செப்டம்பரில் ரபுகா இரண்டாவது முறை கவிழ்த்தார். அக்டோபரில் பிஜி குடியரசு ஆனது. 1986ல் மக்கள்தொகையில் 48.7 சதவீதமாக இருந்த இந்தியர்கள், 2007ல் 37.5 சதவீதம். டாக்டர்கள், ஆசிரியர்கள், கணக்கர்கள் என்று படித்தவர்கள் முதலில் ஆக்லாந்துக்கும் சிட்னிக்கும் வான்கூவருக்கும் மூட்டை கட்டினார்கள். நான்கு தலைமுறையாக இருந்த ஊரை விட்டுப் போனவர்கள் அவர்கள்.

1990ல் வந்த அரசியல் சட்டத்தில் ஒரு வரி நுழைந்தது. நாட்டின் பாதுகாப்புக்கும் மக்களின் நலனுக்கும் ராணுவமே ஒட்டுமொத்தப் பொறுப்பு என்று. பாதுகாப்பு சரி. 'நலன்' என்றால்? விலைவாசி நலன் இல்லையா? தேர்தல் முடிவு நலன் இல்லையா? எது நலன் என்று முடிவு செய்வது யார்? அந்த வரி அதைச் சொல்லவில்லை.

வளர்த்த கடா

1987ல் ரபுகா 'எதிர்ப்புரட்சிப் போர்ப் பிரிவு' என்று ஒரு தனிப் படைப்பிரிவை உருவாக்கினார். பேருக்கு, ஆட்சிக் கவிழ்ப்பைத் தடுக்கத்தான். 1999ல் மகேந்திர சௌத்ரி பிஜியின் முதல் இந்திய வம்சாவளிப் பிரதமர் ஆனார். 2000 மே 19 அன்று ஜார்ஜ் ஸ்பைட் என்ற வியாபாரி, அதே சிறப்புப் பிரிவின் சிப்பாய்களைச் சேர்த்துக்கொண்டு நாடாளுமன்றத்துக்குள் புகுந்தார். சௌத்ரி 56 நாள் பணயக்கைதி.

இந்த முறை ராணுவமே இரண்டாகப் பிளந்தது. அந்த வருடம் நவம்பர் 2 அன்று, தலைநகர் சுவாவில் உள்ள குயீன் எலிசபெத் பாரக்ஸில் சிறப்புப் பிரிவினர் கலகம் செய்தார்கள். தளபதி ஃபிராங்க் பைனிமராமா மரவள்ளித் தோட்டம் வழியாக ஓடித் தப்பினார். எட்டுச் சிப்பாய்கள் இறந்தார்கள். பிடிபட்ட கலகக்காரர்களில் சிலரைச் சக சிப்பாய்களே அடித்துக் கொன்றார்கள். லெபனானில் ஒரே கூடாரத்தில் படுத்தவர்கள். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்களே, அதேதான்.

2006 டிசம்பர் 5 அன்று பைனிமராமாவே ஆட்சியைக் கவிழ்த்தார். ஆனால் காரணம் தலைகீழ். ஊழலையும் இனவாதத்தையும் ஒழிக்கப் போகிறேன் என்றார். இன அடிப்படையிலான ஓட்டு முறையை எடுத்தார். 2013 அரசியல் சட்டத்தில் குடிமக்கள் எல்லோருக்கும் 'பிஜியர்' என்ற ஒரே பெயர். இந்தியர்களில் பலர் அவரை ஆதரித்தார்கள், அதில் ஆச்சரியம் இல்லை. அதே சமயம் பத்திரிகைகளுக்குத் தணிக்கை, எதிர்த்தவர்களுக்கு முகாமில் அடி உதை, ஆட்சி சட்டவிரோதம் என்று நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன மறுநாளே அரசியல் சட்டம் ரத்து. நம் பக்கம் பேசுகிற துப்பாக்கியும் துப்பாக்கிதான். எல்லோரும் சமம் என்று சொன்ன அந்தப் படைக்குள்ளும் இந்தியர்கள் பழையபடி நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர்தான்.

மேலே சொன்ன 'நலன்' வரி, 2013 சட்டத்தில் 131ஆம் பிரிவாகத் திரும்ப வந்தது. இன்னும் இருக்கிறது.

இத்தனைக்கும் நடுவில் ஐ.நா. பிஜிச் சிப்பாய்களை வேண்டாம் என்று சொல்லவில்லை. 2004 முதல் பாக்தாதில் ஐ.நா. அலுவலகத்துக்குக் காவல் இருந்தவர்கள் பிஜிக்காரர்கள். உள்ளூரில் ஜனநாயகத்தைக் கவிழ்த்த படை, வெளியூரில் ஜனநாயகத்தைக் காக்கப் போனது. ஐ.நா.வையும் முழுசாகக் குறை சொல்ல மனம் வரவில்லை. பாக்தாதுக்கு வேறு யார் வருவார்கள்?

மொரீஷியஸ் என்ன செய்தது?

ஒப்பிட ஒரு நாடு இருக்கிறது. மொரீஷியஸ். அதுவும் தீவு, அதுவும் கரும்பு, அங்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்கள், அங்கும் தமிழர்கள். 1968ல் சுதந்திரம். ஆனால் அங்கே ராணுவமே இல்லை. போலீஸ் கமிஷனருக்குக் கீழே ஒரு சிறப்பு நடமாடும் படையும் கடலோரக் காவல் படையும் உண்டு, அவ்வளவுதான். அரசியல் சண்டை அங்கேயும் உண்டு. ஆனால் தேர்தல் முடிவை லாரியில் ஏற்றிக்கொண்டு போக ஆள் இல்லை. பசிபிக்கிலும் சமோவா, துவாலு, கிரிபாத்தி போன்ற நாடுகள் ராணுவம் இல்லாமலேயே காலம் தள்ளுகின்றன. தீவு நாடுகளில் படை வைத்திருப்பவை பிஜி, தோங்கா, பப்புவா நியூ கினி மட்டும்.

மொரீஷியஸில் இந்திய வம்சாவளியினர் தெளிவான பெரும்பான்மை, அதனால் ஒப்பீடு முழுசாகப் பொருந்தாது என்று சொல்லலாம். உண்மைதான். பிஜி ராணுவத்தைக் கலைத்துவிட வேண்டும் என்று சொல்வதும் எளிது. ஆனால் 13 லட்சம் சதுர கிலோமீட்டர் கடலை யாராவது சுற்றி வர வேண்டும். கடத்தல், திருட்டு மீன்பிடிப்பு, கடலில் காணாமல் போகும் படகுகள் என்று அதன் கடற்படைக்கு நிஜமான வேலை இருக்கிறது. புயல் வந்தால் தூரத் தீவுக்கு அரிசியும் தார்ப்பாயும் கொண்டுபோவதும் ராணுவம்தான். பொறியியல் பிரிவு பள்ளிக்கூடம் கட்டிக் கொடுக்கிறது. ஆனாலும் படையின் எடை தரைப்படையில்தான்: மூவாயிரத்து ஐந்நூறு பேர் அளவில் இருக்கிற படையில் பெரும்பகுதி காலாட்படை. வெளிநாட்டில் அதற்குத்தான் வேலை.

இன்னொரு மே 14

1992ல் ரபுகா தேர்தலில் ஜெயித்துப் பிரதமரானார். 1997ல் எதிர்க்கட்சித் தலைவர் ஜெய் ராம் ரெட்டியோடு உட்கார்ந்து, முன்னதைவிட நியாயமான அரசியல் சட்டத்தை உருவாக்கினார். 1999ல் தோற்றபோது பேசாமல் இறங்கிப் போனார்.

2022 டிசம்பர் தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. இழுபறிக்குப் பிறகு ரபுகா மறுபடி பிரதமர். யாருடைய ஆதரவில்? 1987ல் எந்தக் கட்சியின் கூட்டணியைத் துப்பாக்கி முனையில் இறக்கினாரோ, அதே தேசிய ஃபெடரேஷன் கட்சி அவருடைய அரசில் பங்காளி. அந்த வாரங்களில் எல்லோரும் பாரக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தளபதி கலூனிவாய் தலையிடவில்லை. ஆனால் ஜனவரியிலேயே, புதிய அரசு எடுக்கும் மாற்றங்களின் வேகம் பற்றிக் கவலை தெரிவித்துப் பகிரங்கமாக ஓர் அறிக்கை விட்டார். நாட்டுக்கே ஒரு நாள் தூக்கம் போனது.

2023 மே 14 அன்று, கிர்மித் தினம் முதல் முறையாக தேசிய விடுமுறையாகக் கொண்டாடப்பட்டபோது, ரபுகா பொது மேடையில் 1987க்காக மன்னிப்புக் கேட்டார். சிலர் அழுதார்கள். சிலர், வான்கூவரிலும் சிட்னியிலும் இருந்துகொண்டு, முப்பத்தாறு வருடம் தாமதம் என்றார்கள். இரண்டுமே நியாயம்தான்.

எனக்கு அந்த மன்னிப்பு உண்மையானது என்று நம்பத் தோன்றுகிறது. ஆனால் மன்னிப்புக் கேட்டது ஒரு மனிதர். ஆட்சியைக் கவிழ்க்க முடிந்தது, ஒரே சமூகத்திலிருந்து திரட்டிய, நாட்டின் தேவையைவிடப் பெரிய ஒரு படை அவர் கையில் இருந்ததால். 131ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது. ஆள் சேர்க்கும் வரிசையில் இந்திய முகங்கள் இன்னும் அபூர்வம். அடுத்த முறை பிஜியைப் பற்றிச் செய்தி வந்தால் பிரதமர் யார் என்பதைவிட இந்த இரண்டில் ஏதாவது மாறியிருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன்.

ரபுகா வெலிங்டனில் இருந்த 1979, லியோனிடாஸ் கப்பல் பிஜிக்குப் போய்ச் சரியாக நூறாவது வருடம். அவர் இருந்த மலைக்குக் கீழே இருக்கும் ஊர்களிலிருந்தும் கரும்பு வெட்டப் போனவர்கள் உண்டு. அது அவருக்கு அப்போது தெரியுமா என்று அந்தப் பெரியவரிடம் கேட்டிருக்க முடியாது. ரயில் அதற்குள் அரவங்காடு தாண்டிவிட்டது.